பிரவுன் பெல்ட் வாங்கியும் அன்றைக்குக் கை வேலை செய்யவில்லை. நிஜ அடிதடிக்கு என்ன பயிற்சி எடுப்பது?

கொங்கு மீனா (ஈரோடு):

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. மகளைக் கராத்தேவில் சேர்க்கப் போன இடத்தில் "நீங்களும் சேருங்களேன்" என்று மாஸ்டர் சொல்ல, இரண்டரை வருடமாக வாரம் மூன்று நாள் நானும் போகிறேன். போன தையில் பிரவுன் பெல்ட். கட்டாவெல்லாம், அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்து காட்டுகிற அசைவுகளை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்துவிடுவேன். ஆண்டு விழாவில் மேடையேற்றி ஓடு உடைக்க வைத்தார்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் வீடியோ எடுத்தார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், ஏழே கால் இருக்கும், தெருமுனைக் கடையில் இரண்டு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நடந்து வருகிறேன். எங்கள் தெருவில் மூன்றாவது கம்பத்தில் லைட் எரியாது. பைக்கில் இரண்டு பேர் வந்து பக்கத்தில் நிறுத்தி, ஓட்டியவன் "அக்கா, இந்த ராஜேஸ்வரி மண்டபம் எங்கே?" என்று கேட்டான். நான் திரும்பிக் கையைக் காட்டிய நேரத்தில் பின்னால் இருந்தவன் கழுத்தில் கைவைத்துவிட்டான். அந்த நேரத்தில் என் உடம்பு செய்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையாலும் தாலிக்கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பைக் நகர்ந்தது, நானும் கூடவே நாலைந்து அடி இழுபட்டுப் போனேன். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை, கழுத்தைச் சுற்றி கயிறு போட்டு அறுத்த மாதிரி சிவப்புக் கோடு. கொடி அறுந்து பாதி அவனோடு போய்விட்டது. பிளாக் இல்லை, பஞ்ச் இல்லை, அதை விடுங்கள், வாயிலிருந்து சத்தம்கூட வரவில்லை. பால் பாக்கெட் உடைந்து தார் ரோட்டில் ஓடியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் கேள்வி. இரண்டரை வருடம் வீணா? கோயம்புத்தூரில் ஒரு கிளாஸ், நிஜத் தெருச் சண்டைக்கான பயிற்சி, இஸ்ரேல் ராணுவ முறை என்று விளம்பரம் செய்கிறார்கள். வீடியோவில் எதிராளி கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குகிறார்கள். ஈரோட்டில் என் மேல் எவன் துப்பாக்கி நீட்டப் போகிறான் என்று தெரியவில்லை, ஆனாலும் சேரலாமா? அப்புறம் மகளுக்கு 13 வயது, அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? வீட்டுக்காரர் "இனிமேல் இருட்டினால் வெளியே போகாதே, பால் நான் வாங்கி வருகிறேன்" என்கிறார். அந்தப் பதில் மட்டும் வேண்டாம்.

---

பழைய கிளவுஸ் (வடசென்னை):

தங்கச்சி, முதலில் முழங்காலுக்கு டிடி ஊசி போட்டீர்களா? சரி.

நான் பாக்ஸிங் கோச். பதினேழு வருடமாகப் பையன்களுக்கும் இப்போது ஏழெட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். உறைந்து போனதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். முதல் தடவை மூக்கில் நிஜமாக ஒரு அடி விழும்போது ஆறடி ஆளும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு நிற்பான், நான் தினமும் பார்க்கிறேன். அந்த உறைதல் போவதற்கு ஒரே வழி, அடி விழுகிற இடத்தில் அடிக்கடி நிற்பது. கட்டாவில் எதிரே ஆள் இல்லை. ஜோடிப் பயிற்சியில் ஆள் இருந்தாலும் அவன் நம் கட்சி. அவன் மணிக்கட்டைப் பிடிப்பான், நீங்கள் திருகுவீர்கள், அவன் விழுந்து கொடுப்பான். விழாமல் முறைத்துக்கொண்டு நின்று, இன்னொரு கையால் உங்கள் முடியைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று அந்த கிளாஸில் ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-ல் கோடோகான் ஆரம்பித்து ஜூடோவை உருவாக்கியபோது, பழைய ஜுஜுட்ஸுவில் கண்ணைக் குத்துவது மாதிரி ஆபத்தான வித்தைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சமிருக்கிற தூக்கிப் போடுதல், அமுக்கிப் பிடித்தலையெல்லாம் முழுப் பலத்தோடு, எதிராளி முழு மனதோடு எதிர்க்க எதிர்க்கப் பழக வைத்தார். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆபத்தானதைத் தூக்கிவிட்டால் வித்தை பலவீனமாகத்தானே ஆக வேண்டும்? ஆகவில்லை, ஏனென்றால் எவனையும் ஊனமாக்காமல் தினமும் செய்து பார்க்க முடிகிறதுதான் உடம்பில் ஏறும். அந்த ஜூடோ பிரேசிலுக்குப் போய், அங்கே கிரேசி குடும்பத்தின் கையில் தரைச் சண்டையாக மாறி, 1993-ல் அமெரிக்காவின் டென்வரில் பல வித்தைக்காரர்களை ஒரே கூண்டில் மோதவிட்ட முதல் யு.எஃப்.சி. போட்டியில் ஹோய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான ஆள் ஒரே ராத்திரியில் மூன்று பேரை மடக்கினார். ரகசிய மரண அடி வைத்திருப்பதாகச் சொன்ன எத்தனையோ மாஸ்டர்களுக்கு அன்றைக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும்.

அதற்காக ரிங் வேறு தெரு வேறு என்பது எனக்குத் தெரியாமலில்லை. தெருவில் ரெஃபரி கிடையாது, தரை சிமெண்ட், கீழே உருண்டால் அவன் கூட்டாளி வந்து தலையில் மிதிப்பான், முக்கியமாக கையில் கத்தி இருக்கலாம். இஸ்ரேல் ராணுவ முறை பற்றிக் கேட்டீர்கள், அதன் பெயர் க்ராவ் மகா. அது நல்ல இடத்திலிருந்துதான் பிறந்தது. இமி லிக்டன்ஃபெல்ட் என்பவர் மல்யுத்தமும் பாக்ஸிங்கும் தெரிந்தவர், 1930-களில் பிராட்டிஸ்லாவாவில் யூதர்களைத் தேடி அடித்த கும்பல்களோடு தெருவில் மோதிப் பார்த்து, மேடையில் செல்லுபடியாவது தெருவில் ஆகவில்லை என்று கண்டு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு இஸ்ரேல் ராணுவத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இன்றைக்கு அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். வார இறுதியில் ஒரு கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வந்தவரும் மாஸ்டர்தான். போர்டைப் பார்க்காதீர்கள், உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருகிறேன் என்று சொல்கிற எந்த மாஸ்டரிடமும் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பழைய வெள்ளை பனியன் ஒன்று, சிவப்பு ஸ்கெட்ச் பென் ஒன்று, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பென் வைத்திருப்பவன் வீடியோவில் வருகிற மாதிரி ஒரு குத்துக் குத்திவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்கக் கூடாது. இடது கையால் பனியன் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தையல் மெஷின் ஊசி மாதிரி குத்தி இழுத்து, குத்தி இழுத்துப் போக வேண்டும். பத்து விநாடி போதும். எங்கள் கிளப்பில் இருக்கிறதிலேயே வேகமான பையன், மாநில அளவில் மெடல் வாங்கியவன், "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று சிரித்துக்கொண்டே வந்தான். பனியனில் பதினோரு கோடு, கழுத்தில் இரண்டு, தடுத்த முன்கையில் எண்ணவே முடியவில்லை. அன்றிலிருந்து அவனிடம் கத்தி என்றால் என்ன செய்வாய் என்று கேட்டால் கதவு எந்தப் பக்கம் என்று கேட்கிறான். அதுதான் சரியான பதில்.

தூரக் கணக்கும் பழக வேண்டும். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் டென்னிஸ் டூலர் என்ற பயிற்சியாளர் 1983-ல் எழுதினார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை, நம் கணக்கில் ஆறரை மீட்டரை, ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான், இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிற போலீஸ்காரர் எடுத்துச் சுடவும் அதே ஒன்றரை விநாடிதான் ஆகும் என்று. பயிற்சி எடுத்த போலீஸுக்கே அப்படி என்றால், பால் பாக்கெட்டோடு நிற்கிற உங்கள் பக்கத்தில் பைக்கை ஒரு கை தூரத்துக்கு வரவிட்டால் பிறகு எந்த பெல்ட்டும் உதவாது. உங்கள் கராத்தே வீணில்லை. உடம்பு வளைகிறது, கால் தூக்குகிறது, மூச்சு இருக்கிறது. மாஸ்டரிடம் கிளவுஸ் போட்டு மோத விடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் இடம் மாறுங்கள்.

---

பெஞ்ச் பாண்டி:

இவ்வளவு எதுக்குங்க. ஹேண்ட்பேக்கில் ஒரு மிளகாய்ப்பொடி பாக்கெட். முடிஞ்சது கதை.

---

வாசுகி_07 (சென்னை):

பாண்டி அண்ணா, எங்கள் ஆபீஸில் 14 பெண்களோடு ஒரு நாள் இதைச் செய்து பார்த்தோம். பேக்கில் இருக்கிற மிளகாய்ப்பொடியையோ ஸ்பிரேயையோ வெளியே எடுக்க எவ்வளவு நேரம் என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தோம். சாவிக்கொத்து, சார்ஜர், சானிடைசர், குழந்தையின் பிஸ்கட் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து தேடி எடுக்கச் சராசரியாக ஒன்பது விநாடி. மேலே அண்ணா சொன்ன ஒன்றரை விநாடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு டப்பா மூடியே திறக்கவில்லை. ஒரு அக்கா மொட்டை மாடியில் காற்றுக்கு எதிராகத் தூவி அரை மணி நேரம் குழாயடியில் நின்றார். பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதற்கு லைசன்ஸ் தேவையில்லை, ஆனால் இருட்டான இடத்துக்குள் நுழையும் முன்பே கையில் இருக்க வேண்டும், காலாவதித் தேதி பார்க்க வேண்டும், ஒரு தடவையாவது திறந்த வெளியில் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மீனா அக்கா, மகளைப் பற்றிக் கேட்டதற்குத்தான் நான் எழுத வந்தேன். நாம் தற்காப்பு என்றதும் இருட்டுச் சந்தில் தெரியாத ஆள் என்றே நினைக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடுகிற அறிக்கையில் பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதல் இடத்தில் நிற்பது கணவர், கணவர் வீட்டார் செய்கிற கொடுமை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றவாளி ஏற்கெனவே தெரிந்தவனாக இருப்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அப்படியென்றால் 13 வயதுப் பெண்ணிடம் கைவைக்கப் பார்க்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு வரப்போவதில்லை. டியூஷன் சாராக இருக்கலாம், மாடி வீட்டு அண்ணனாக இருக்கலாம், தீபாவளிக்கு வருகிற பெரியப்பாவாக இருக்கலாம். அங்கே தடுப்பது பயத்தைவிட மரியாதைதான். "மாமாதானே, தப்பாக நினைத்துவிடுவாரோ, அம்மா திட்டுவாளோ" என்று மனசு கணக்குப் போடுகிற அந்த நேரம்தான் அவனுக்கு வேண்டும்.

கனடாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவிகள் 893 பேர். பாதிப் பேருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமாகக் கொடுக்கிற துண்டுப் பிரசுரம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரம் வாங்கிய கூட்டத்தில் 9.8 சதவீதம், பயிற்சி எடுத்தவர்களில் 5.2 சதவீதம். 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அந்த 12 மணி நேரத்தில் அடி உதை பழகியது கொஞ்ச நேரம்தான். பெரும்பகுதி, தெரிந்தவன் எல்லை மீறும்போது "இது சரியில்லை" என்று சீக்கிரம் ஒப்புக்கொள்வது, அதை வாயால் சொல்வது, சொல்லியும் கேட்காவிட்டால் தயங்காமல் அடிப்பது. எனக்கு இது புரிந்த நாள் எத்தனை வருடம் வீணாகக் காற்றில் பஞ்ச் விட்டோம் என்று கோபமே வந்தது.

ஆகவே மகளுக்கு முதல் பாடம் குரல். சிரிக்காமல் செய்ய வைக்க இரண்டு வாரம் ஆகும், விடாதீர்கள். பஸ்ஸில் எவனாவது உரசினால் "ஐயோ" என்று கத்தினால் யாரும் திரும்ப மாட்டார்கள். "நீலக் கட்டம் போட்ட சட்டை, கையை எடு!" என்று ஆளை அடையாளம் சொல்லிக் கத்த வேண்டும், பஸ்ஸே அந்தச் சட்டையைத் தேடும். வீட்டில் அப்பாவை அந்த "மாமா" வேஷம் போடச் சொல்லுங்கள். "என்ன செல்லம், மாமாவுக்கு ஒரு முத்தம்" என்று அவர் வர வர, அவள் ஒரு அடி பின்னால் வைத்து, உள்ளங்கையை நெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி, "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கூடவே "ஸாரி" வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் அக்கா மகளுக்கு அந்த "ஸாரி" போக நாலு நாள் ஆனது.

---

ஸ்டாண்டு மணி (சேலம்):

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். பயிற்சி பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் ரோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

செயின் அறுக்கிறவன் ரவுண்டு அடிப்பான். ஒரு தடவை கடந்து போய் ஆளைப் பார்ப்பான், யூ டர்ன் போட்டு வருவான். ஒரே வண்டி இரண்டாவது தடவை மெதுவாக வந்தால் அங்கேயே ஏதாவது வீட்டு கேட்டுக்குள் நுழைந்துவிடுங்கள், யார் வீடாக இருந்தால் என்ன. விலாசம் கேட்கிறவன் நல்லவனாக இருந்தால் வண்டியை ஆஃப் பண்ணுவான், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குவான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நம்பர் பிளேட்டில் சேறு, பின்னால் இருக்கிறவன் உங்கள் கழுத்தைப் பார்க்கிறான் என்றால் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று "தெரியாது" என்று சொல்லுங்கள். பதில் சொல்லாமல் போனாலும் குடி முழுகாது. வலது ஓரமாக, வருகிற வண்டி கண்ணில் படுகிற மாதிரி நடந்தால் பின்னாலிருந்து ஒட்டிக்கொண்டு வர முடியாது. அப்புறம் காலையில் கோலம் போடுகிற நேரம். வீட்டு வாசல்தானே என்று குனிந்து, முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். அந்த நேரம் ரொம்பக் கெட்ட நேரம்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள் அக்கா. கொடியை விட்டுவிட வேண்டும். எங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா விடாமல் பிடித்துக்கொண்டு தலை மீடியனில் மோதி மூன்று மாதம் படுக்கை. எங்கள் வீட்டில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துவிட்டு கொடியை பீரோவில் வைத்துவிட்டோம். கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுப்பது.

---

குச்சிக்காரன் (ராமநாதபுரம்):

யாரும் சிலம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன்.

பழைய கிளவுஸ் ஐயா சொன்ன ஸ்கெட்ச் பென் வித்தை எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஆசான் கம்பு நுனியில் அடுப்புக்கரியைக் குழைத்துத் தடவிவிட்டு இரண்டு பேரை மோதவிடுவார். முடிந்ததும் சட்டையைக் கழற்றி கொடியில் போட்டு எல்லோர் முன்னாலும் எண்ணுவார். "தடுத்தேன் ஆசானே" என்று வாய் பேசினால் கரி பேசும். இப்போது மேடையில் தீப்பந்தம் சுற்றுவதும் சுருள் வாள் வீசுவதும்தான் சிலம்பம் என்று ஆகிவிட்டது, ஊர்த் திருவிழாவில் கைதட்டல் அதற்குத்தான். அது அலங்காரம். வீடு கட்டுதல் என்கிற காலடி வரிசை, வெறுங்கையால் மோதுகிற குத்துவரிசை, பிடி, பூட்டு, பூட்டைப் பிரிப்பது, இதெல்லாம் எதிராளி விடாமல் எதிர்க்கும்போது பழகினால் அது எந்த நாட்டு வித்தைக்கும் சளைத்ததில்லை. ஜப்பான், பிரேசில், இஸ்ரேல் என்று சுற்றிவிட்டு வருகிறவர்கள் பக்கத்துத் தெரு ஆசானையும் ஒரு எட்டு பார்க்கலாம்.

கம்பைத் தெருவில் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான். குடை இருக்கிறதே. நீளக்குடை நுனியை நெஞ்சுக்கு நேராக நீட்டினால் ஒருத்தன் நெருங்கக் கொஞ்சம் யோசிப்பான்.

---

பழைய கிளவுஸ் (வடசென்னை):

குச்சிக்காரரே, கரி விஷயம் அருமை, எங்கள் கிளப்பில் இனிமேல் அதுதான், ஸ்கெட்ச் செலவு மிச்சம். சிலம்பத்தை விட்டது என் தப்பு. குடையை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பைக்கில் வருகிறவன் குடையைப் பிடித்து இழுத்தால் குடையோடு ஆளும் போகும், கொடியை விடாத கை குடையை மட்டும் விடுமா?

---

கோர்ட் மரத்தடி (மதுரை):

வக்கீல். இந்தத் திரியில் சட்டம் பேசாமல் விட்டால் நாளைக்கு யாராவது என்னிடம்தான் வருவீர்கள், அதனால் சுருக்கமாக.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்பு உரிமை பழையதில் 96 முதல் 106, புதியதில் 34 முதல் 44 வரை. சாரம் அதேதான். உங்கள் உடம்பை, இன்னொருத்தர் உடம்பை, சொத்தைக் காக்க அடிக்கலாம். உயிர் போகும், கொடுங்காயம் ஆகும், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு என்று நியாயமாகப் பயப்படக் காரணம் இருந்தால் எதிராளி உயிர் போனாலும் குற்றமில்லை, அது 38-ஆவது பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்று 37 சொல்கிறது. தராசில் நிறுத்து அடிக்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் எதிர்பார்க்காது, 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஆபத்தில் இருப்பவன் பதறித்தான் நடப்பான் என்பதைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. நான் பார்த்த கட்சிக்காரர்கள் மாட்டியது எல்லாம் வேறு இடத்தில். அவன் கீழே விழுந்துவிட்டான், ஓடத் திரும்பிவிட்டான், ஆபத்து முடிந்தது, அப்புறம் ஆத்திரத்தில் இன்னும் நாலு மிதி. சிசிடிவியில் அந்த நாலு மிதி மட்டும் தெளிவாக விழும். கூட்டம் சேர்ந்து கம்பத்தில் கட்டிவைத்துத் தர்ம அடி கொடுக்கிறதே, அதில் கைவைத்த ஒவ்வொருவர் மேலும் வழக்கு வரலாம். ஆகவே உங்கள் மாஸ்டர் "விழுந்தவனை விடாதே, முடித்துவிடு" என்று சொல்லிக் கொடுத்தால் அவர் ஜாமீனுக்கு வருவாரா என்று கேளுங்கள்.

மீனா அவர்களுக்கு: ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பதிந்த விபத்துப் பதிவேட்டு நகல், போட்டார்களா? கழுத்துக் கோட்டையும் முழங்காலையும் தேதியோடு போட்டோ எடுத்தீர்களா? ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பியிருந்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகல் இலவசம். புதிய சட்டத்தில் பறிப்பு என்பதே 304-ஆவது பிரிவாகத் தனிக் குற்றம். உங்களை இழுத்துக் காயப்படுத்தியதால் 309, கொள்ளைப் பிரிவும் பொருந்தும் என்பது என் கருத்து, விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள்.

---

நைட் டூட்டி (தஞ்சாவூர்):

நர்ஸ். ஒரே ஒரு விஷயம். யாருக்காவது கத்திக்குத்து பட்டால் காப்பித்தூளும் மஞ்சளும் வைத்துக்கொண்டு வராதீர்கள், புண்ணுக்குள்ளிருந்து அதைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சுத்தமான துணியை வைத்து இரண்டு கையாலும் முழு எடையோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. கத்தி குத்தி நின்றிருந்தால் பிடுங்காதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். அடிக்கக் கற்றுத்தரும் கிளாஸில் இதையும் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் என்னவாம்?

---

கொங்கு மீனா (ஈரோடு):

எல்லோருக்கும் நன்றி. டிடி போட்டாச்சு, ஏ.ஆர். காப்பி இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். நேற்றுத்தான் கைக்கு வந்தது.

கோயம்புத்தூர் கிளாஸுக்கு ஒரு நாள் ட்ரையல் போய் வந்தேன். ஏசி ஹால், கறுப்பு டீசர்ட், நல்ல பாட்டு. ரப்பர் துப்பாக்கியைப் பத்து தடவை பிடுங்கினேன், பத்து தடவையும் வந்தது. பதினோராவது தடவை எதிரே நின்ற பையனிடம் "தம்பி, இந்தத் தடவை விடாதீங்க" என்றேன். அவன் விடவில்லை. நானும் இழுத்தேன், மாஸ்டர் ஓடி வந்து "அக்கா, அதெல்லாம் அட்வான்ஸ் லெவல்" என்று பிரித்துவிட்டார். மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் கேட்டார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் கராத்தே மாஸ்டரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்கள் படிக்கும்போது மோதிக்கொண்டுதான் இருந்தோம், பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள் என்று நான்தான் நிறுத்தினேன்" என்றார். இப்போது சனிக்கிழமை கடைசி அரை மணி நேரம் கிளவுஸ். முதல் வாரம் மகள் வயதுப் பெண் ஒருத்தி என் மூக்கில் விட்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணைத் திறந்து பார்த்தால் நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன், அண்ணா சொன்ன அதே மாதிரி.

வீட்டில் ஒரு காரியம் செய்தோம். பழைய நாடாவை லேசான தையல் நூலால் முடிச்சுப் போட்டு, பட்டென்று அறுகிற மாதிரி, கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் ஹாலில் நடப்பேன். வீட்டுக்காரர் எப்போது என்று சொல்லாமல் பின்னாலிருந்து இழுப்பார். நான் கையை நாடாவுக்குக் கொண்டு போகாமல், தலையைக் குனிந்து முன்னால் விட்டுவிட்டு, பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து, வண்டி நம்பரைக் கத்த வேண்டும். நம்பருக்குப் பதிலாக அவர் முதுகில் ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிக்கொள்கிறார். முதல் ஆறு தடவையும் கை தானாக மேலே போனது. தெரிந்தே போனது, அதுதான் ஆச்சரியம். ஏழாவது தடவை கை கீழேயே இருந்தது, ஆனால் வாய் வரவில்லை. மூன்றாவது நாள்தான் இரண்டும் சேர்ந்து வந்தது. மகள் கத்துவதில் எனக்கு மேல், போன ஞாயிறு எதிர் வீட்டுத் தாத்தா கைத்தடியோடு கேட்டுக்கு வந்துவிட்டார். "வேண்டாம்" சொல்கிற பயிற்சி இன்னும் ஓடுகிறது, "ஸாரி" போய் இப்போது சிரிப்பு வருகிறது.

மிச்சமிருந்த கொடி பீரோவுக்குள் போய்விட்டது. மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாவது நாள் அவரே மஞ்சள் கயிறு வாங்கி வந்து பூஜை அறையில் வைத்துவிட்டுப் போனார்.

வாசுகி, ஸ்பிரேக்கு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், பதினோரு விநாடி. அதனால் பால் வாங்கப் போகும்போது பேக் வேண்டாம், ஒரு கையில் ஒயர் கூடை, இன்னொரு கையில் ஸ்பிரே. மூன்றாவது கம்பத்து லைட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் எரியவில்லை.

ஒரு சந்தேகம். சிவப்பு ஸ்கெட்ச் கறை வீட்டுக்காரர் பனியனிலிருந்து எதற்கும் போகவில்லை. சோப்பு, எலுமிச்சை எல்லாம் பார்த்தாச்சு. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் கரிக்கு மாறிவிடுகிறோம்.